கூட்டம் கலைந்த காலத்தில் ஒரு கடல் கடந்த பயணம்



2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த வேளையில், எங்கள் மும்பை சபையைச் சேர்ந்த வயதான தம்பதியர் இருவர் என்னிடம் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பிழைப்புத் தேடி இந்நகரத்துக்கு வந்தவர்கள். சகோதரர் ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மகளின் திருமணம் முடிந்தது, வீட்டுக்கடன் அடைந்தது, கையில் ஓரளவு பணம் மீதியாயிருந்தது. சகோதரரின் கையில் பளபளப்பான வண்ணத்தாள் ஒன்று இருந்தது. பதினொரு நாட்களில் ஏழு ஐரோப்பிய நாடுகள். ஜூன் மாதம் புறப்பாடு.

"பாஸ்டர், வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் வெளிநாடு போக முடியும். இது சரியான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் அவர். அவருடைய மனைவியோ, "இவங்க ஏழு நாடுங்கறாங்க பாஸ்டர். என் முழங்காலுக்கு ஏழு நாடு தாங்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். பணத்தில் கொஞ்சம் குறைகிறது என்றும், அதற்கு ஒரு தனிநபர் கடன் வாங்க எண்ணியிருப்பதாகவும் பிற்பாடு தெரியவந்தது.

இது அவர்களுக்கு மட்டுமே உரிய கேள்வி அல்ல. சொந்த ஊரை விட்டு வந்து, பல ஆண்டுகள் சிக்கனமாய் வாழ்ந்து, பிள்ளைகளை ஆளாக்கிய பின்பு, "நாமும் ஒரு தேசத்தைப் பார்க்க வேண்டும்" என்று விரும்புகிற குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அந்த விருப்பத்தில் தவறேதும் இல்லை. ஆனால் எங்கே செல்வது, எப்பொழுது செல்வது என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். ஒன்றை நாமும் மற்றொன்றை விற்பனையாளரும் தீர்மானித்தால், பணம் போகும், பயணமும் பாழாகும்.

இலையுதிர்காலம் ஏன்?

பூமியின் வடபாதியில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களும் இலையுதிர்காலம் எனப்படும். நம் தமிழ்நாட்டில் அது மழைக்காலமாக இருப்பதால், இந்தப் பருவத்தின் அருமை நமக்கு எளிதில் விளங்குவதில்லை. ஐரோப்பாவிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பள்ளி விடுமுறை. அவ்விரு மாதங்களிலும் அந்நாட்டவர் அனைவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். விடுதி வாடகை உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு வாசலிலும் நீண்ட வரிசை. செப்டம்பரில் பள்ளிகள் திறந்தவுடன் கூட்டம் கரையத் தொடங்கும். அக்டோபரில் இன்னும் குறையும்.

கூட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணம் வெயில். ஏதென்ஸ் நகரில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் சாதாரணமாகவே 33, 34 டிகிரி; வெப்ப அலை வந்தால் 40-ஐத் தாண்டும். அக்டோபரில் அதே நகரில் ஏறத்தாழ 24 டிகிரி. 2023 ஜூலையிலும், 2024 ஜூனிலும், 2025 ஜூலையிலும் கடும் வெப்பத்தின் காரணமாக அக்ரோபோலிஸ் குன்றைப் பிற்பகல் நேரங்களில் மூடிவைத்தார்கள். 2024 ஜூனில் கிரேக்கத் தீவுகளில் வெயிலில் நடந்து சென்ற வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உயிரிழந்தனர். நம் தம்பதியர் கையில் வைத்திருந்த வண்ணத்தாளில் குறித்திருந்ததும் அதே ஜூன் மாதம்தான்.

எல்லா நாடும் அமைதியாயிராது

ஆயினும் வாசகரே, "இலையுதிர்காலம் என்றால் எங்கும் கூட்டமில்லை" என்று எண்ணிவிடாதிருங்கள். சில தேசங்களில் அதுவே உச்சப் பருவம்.

ஜப்பானில் இலைகள் சிவக்கும் காட்சி வடக்கே ஹொக்கைடோவில் செப்டம்பர் இறுதியில் தொடங்கி, மெல்லத் தெற்கே இறங்கி, நவம்பரின் பின்பாதியில் கியோட்டோவை அடைகிறது. அதைக் காண ஜப்பானியரே திரள்கிறார்கள். அந்த வாரங்களில் கியோட்டோவில் அறை கிடைப்பது அரிது. செப்டம்பரிலோ புயல் அச்சம் உண்டு. நேபாளத்தில் அக்டோபரும் நவம்பரும் வானம் தெளிந்திருக்கும் மாதங்கள். எனவே இமயமலைப் பாதைகளில் ஆண்டின் மிகுந்த கூட்டம் அப்பொழுதுதான். சீனாவில் அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை. அந்நாட்டில் மட்டுமல்ல, அண்டை நாடுகளின் விமான நிலையங்களிலும் அதன் நெரிசல் தெரியும்.

வேறு சில தேசங்களில் கூட்டம் இராது; ஆனால் அதற்குக் காரணம் மழை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் அக்டோபர் வரை பருவமழை. மத்திய வியட்நாமில் அக்டோபரும் நவம்பரும் வெள்ளக் காலம். 2025 அக்டோபர் இறுதியில் ஹுயே, ஹோய் ஆன் நகரங்கள் நீரில் மூழ்கின. நமக்கு அருகிலுள்ள இலங்கையிலும் இம்மாதங்களில் மழை மிகுதி. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மலிவு என்று ஒருவர் சொன்னால், "எதனால் மலிவு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தென்பாதி நாடுகளில் இம்மாதங்கள் வசந்தகாலம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரே மாதம், இரு வேறு பருவங்கள்.

எங்கள் மேசையில் இருந்த இரண்டு தேசங்கள்

அன்று மாலை நாங்கள் மூவரும் என் இல்லத்தில் அமர்ந்து, ஏழு நாடுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஜோர்தானையும் கிரேக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். வேதத்தில் வாசித்த இடங்களைக் காண வேண்டும் என்பது சகோதரியின் விருப்பம். இரண்டு நாடுகளும் அதற்குப் பொருந்தின.

ஜோர்தானில் அக்டோபரும் நவம்பரும் இதமான மாதங்கள். சாக்கடல், நேபோ மலை, யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடமாகப் போற்றப்படும் அல் மக்தாஸ், பாறையில் குடைந்த பெட்ரா நகரம் ஆகியவை குறைந்த தூரத்துக்குள் அமைந்துள்ளன. ஆனால் பெட்ராவில் நுழைவாயிலிலிருந்து புகழ்பெற்ற முதல் மாளிகை வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மேலேயுள்ள 'மடாலயம்' எனப்படும் முகப்பைக் காண ஏறத்தாழ 800 படிகள். அன்றியும், இலையுதிர்காலத்தின் முதல் மழை அங்கே திடீர் வெள்ளமாய் மாறக்கூடும். 2018 அக்டோபர் 25 அன்று சாக்கடல் அருகே வந்த வெள்ளத்தில் 21 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். 2023 அக்டோபரில் அப்பகுதியில் போர் மூண்ட பின்னர் வான்வழிகள் எப்பொழுது மூடப்படும் என்பதும் நிச்சயமற்றதாயிற்று. 2025 ஜூனில் ஜோர்தான் தன் வான்வெளியை மூடவும் நேர்ந்தது.

கிரேக்கத்தில் ஏதென்ஸை மையமாகக் கொண்டால் கொரிந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காலையில் சென்று மாலையில் திரும்பலாம். வடக்கே தெசலோனிக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அங்கிருந்து பிலிப்பியின் இடிபாடுகளுக்கு ஒரு நாள் பயணம். இரண்டே ஊர்களில் தங்கினால் போதும். பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை. முழங்கால் வலியுள்ளோருக்கு இது சிறிய காரியம் அல்ல. அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஏற இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கென்று 2020 டிசம்பர் முதல் ஒரு மின்தூக்கியும் இயங்கி வருகிறது. யார் அதைப் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சகோதரர் சற்று வருந்தினார். ஊரில் உறவினரிடம் ஏழு நாடுகளின் பெயரைச் சொல்லலாமே என்னும் ஆசை அவருக்கு. சகோதரி சொன்ன ஒரு வார்த்தை அதைத் தீர்த்தது: "பஸ் சன்னல் வழியா ஏழு நாடு பார்க்கறதைவிட, ஒரு ஊர்ல உட்கார்ந்து பார்த்துட்டு வரலாங்க."

பருவத்துக்குள் எந்த வாரம்?

தேசத்தைத் தெரிந்துகொண்டாலும் வேலை முடிந்துவிடாது. இலையுதிர்காலத்தின் தொடக்கமும் முடிவும் ஒன்றல்ல. இதை நன்கு அறிந்திருந்தவர் அப்போஸ்தலனாகிய பவுல். நடபடிகள் புத்தகத்தின் 27-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். உபவாச நாள் கடந்துபோயிற்று என்று லூக்கா குறிப்பிடுவது பாவநிவாரண நாளையே. அது நம் செப்டம்பர், அக்டோபரில் வரும். அதற்குப் பின் கடற்பயணம் ஆபத்து. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைபட்ட காலம் என்று ரோமர் கணக்கிட்டிருந்தனர். பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். பெரும்பாலோரும் புறப்படவே ஆலோசனை சொன்னார்கள். பதினான்கு இரவுகள் அலைந்து, கப்பல் உடைந்து, 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள். உயிர் தப்பியது கிருபை. கப்பலும் சரக்கும் போயின.

இன்றைய கப்பல்கள் பெரியவை. ஆயினும் கிரேக்கத் தீவுகளுக்குச் செல்லும் படகுச் சேவைகள் அக்டோபர் இறுதிக்குப் பின் வெகுவாய்க் குறைகின்றன. சிறு தீவுகளின் விடுதிகள் பல, வசந்தம் வரை மூடப்படும். நவம்பர் 1 முதல் தொல்லிடங்களுக்குக் குளிர்கால நேரம். மாலையில் விரைவாய் மூடிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைப்பதால், வெளிச்சமும் சீக்கிரம் மறையும். விடுதிகளில் அறைக்கு இரவுதோறும் வாங்கும் அரசு வரியோ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மிகுதி, நவம்பர் முதல் மார்ச் வரை குறைவு. அக்டோபர் 28 அவர்களுடைய தேசிய நாள். அன்று அரசுத் தொல்லிடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. அங்கே கூட்டமில்லாத அதே வாரங்களில் இங்கே தசரா, தீபாவளி விடுமுறைகள். வடமாநில நகரங்களில் வாழும் நமக்கு அப்பொழுதுதான் பிள்ளைகளுக்கு விடுப்பு; விமானக் கட்டணமும் அப்பொழுதுதான் ஏறும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத வீட்டார், தசராவுக்குப் பின்னும் தீபாவளிக்கு முன்னும் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொள்ளலாம். நம் தம்பதியரும் அவ்வாறே அக்டோபர் 14 புறப்பட்டு 22-ஆம் தேதி திரும்ப முடிவு செய்தார்கள்.

பெயரும் தாள்களும்

தமிழருக்கே உரிய ஒரு இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் அது விரிவாகத் தகப்பன் பெயராய் நிற்கும்; பான் அட்டையில் ஒரு விதம்; விமானச்சீட்டில் முகவர் எழுதுவது மற்றொரு விதம். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோருக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தவித்தவர்களில் நம்மவர் பலர் உண்டு. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். ஆகவே சீட்டு எடுக்கும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

ஆதார் அட்டையில் ஊர் முகவரி, வாழ்வது வேறு மாநிலம் என்போர் கலங்க வேண்டாம். 2018 முதல் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் காவல்துறை விசாரணை நீங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்ட முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும்.

கிரேக்கம் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. அதன் குறுகிய கால விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். ஆனால் கடைசி நாள்வரை காத்திராதீர்கள். விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே தாமதமாகலாம். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. அதற்குக் கீழ் இல்லை. மறுக்கப்பட்டாலும் இக்கட்டணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்நாட்டை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து மேலும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லத்தக்கதாயிருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் புகைப்படமும் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாய்த் தொடங்கினார்கள். வரிசையில் நிற்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைக் குறித்து

கடன் வாங்கிச் சுற்றுலா செல்லாதிருங்கள். இதை நான் அந்தச் சகோதரரிடம் நேராகவே சொன்னேன். ஒன்பது நாள் பயணத்துக்கு மூன்று ஆண்டு தவணை கட்டுகிற வீட்டில், புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வட்டியே நினைவுக்கு வரும். குறைகிற பணத்துக்கு ஏற்றபடி நாட்களைக் குறைக்கலாம். நட்சத்திர விடுதியைச் சாதாரண விடுதியாக மாற்றலாம். ஆறு மாதம் காத்திருந்து சேமிக்கலாம். ஜூனிலிருந்து அக்டோபருக்குத் தள்ளியதே அவர்களுக்கு நான்கு மாத ஓய்வூதியத்தைச் சேர்க்கும் வாய்ப்பாயிற்று.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்குகையில் விற்பவர் வருமானவரிக்கென ஒரு தொகையைக் கூடுதலாய்ப் பிடிப்பார். டி.சி.எஸ். எனப்படும் இந்த விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றுவதால், வாங்கும் நாளில் விசாரியுங்கள். அது இழந்த பணம் அல்ல. வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்து ஈடுசெய்யலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முன்பணம் கொடுக்கும் முன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

கொரிந்துவில் ஒரு காலை

அவர்கள் கடன் வாங்காமலே சென்று வந்தார்கள். திரும்பி வந்து சகோதரி என்னிடம் அதிகம் பேசியது அக்ரோபோலிஸைப் பற்றி அல்ல. கொரிந்துவின் இடிபாடுகளில் ஒரு காலை வேளை. ஏழு தூண்கள் நிற்கும் பழைய அப்பொல்லோ கோவில், கல்லியோன் முன்பாகப் பவுல் நிறுத்தப்பட்டதாகச் சொல்லும் நியாயாசனத்து மேடை, கடைகள் இருந்த கல்வரிசை. வெயில் இதமாயிருந்தது, வந்தவர்களும் சிலரே. ஒரு கல்லின்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்து, அந்தப் பட்டணத்தில் கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் நினைத்துக்கொண்டாராம்.

"அவங்களும் நம்மள மாதிரி ஊரை விட்டு வந்தவங்கதானே பாஸ்டர். நான் தையல் மிஷின் வச்சு இவளைப் படிக்க வைச்சேன்ல, அதுதான் ஞாபகம் வந்துச்சு" என்று மகளைக் காட்டிச் சொன்னார். ஜூன் மாத வெயிலில், நாற்பது பேர் கொண்ட குழுவோடு, இருபது நிமிடம் மட்டும் இறங்கிப் பார்த்திருந்தால் அவருக்கு அந்த நினைவு வந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மறு ஆண்டு அவருடைய முழங்கால் மிகவும் மோசமாயிற்று. அறுவை சிகிச்சை நடந்தது. இன்று ஆராதனைக்குக் கைத்தாங்கு சட்டத்தின் உதவியோடுதான் வருகிறார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளியிருந்தால், அந்தப் பயணம் நடந்தேயிராது.

ஆகவே வாசகரே, கடனில்லாமல் செல்லக் கூடுமானால், வீட்டிலுள்ள முதியவரின் பெலனை முதலாவது கணக்கில் கொள்ளுங்கள்; பிறகு தேசத்தையும், அதன்பின் வாரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசி நிருபத்தில், குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படச் சொல்லியிருக்கிறார். கடல் அடைபடும் நாள் ஒன்று உண்டென்று அவர் அறிந்திருந்தார். நம் வீடுகளிலும் அப்படி ஒரு நாள் உண்டு. அதற்கு முன்னே, ஆத்திரப்படாமலும் ஆராயாமலிராமலும், புறப்படுங்கள்.